அரைப் பார்திங்கும் அரைப் பெயரும்: மலையகத்துப் பிரித்தானிய நாணயங்களைத் தரம்பிரித்தல் பற்றிய ஒரு நோக்கு

நாணயம் வரலாற்றுச் சான்றாகும் என்பது யாவரும் ஒப்பிய உண்மை. ஆயின் அச்சான்றிடம் நமது ஆய்வாளர் இதுகாறும் கேட்டுவந்த வினா பெரும்பாலும் ஒன்றே: இதனை வெளியிட்டவர் யாவர்? சேதுக் காசாயினும், ஒல்லாந்தர் காலத்துத் துட்டாயினும், விக்டோரியாவின் தலை பொறித்த ரூபாவாயினும், அரசின் பெயரும் ஆண்டும் அச்சுக்கூடமும் தெரிந்த அளவிலே ஆய்வு முற்றிற்று எனக் கொள்ளும் மனப்பாங்கு நம்மிடையே உண்டு. அந்நாணயம் எவர் கையிலே புழங்கியது, எவ்வேலைக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்டது, எங்கே முடிந்து வைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. பிரித்தானிய நாணயங்களைச் சேகரிப்போர் அவற்றைத் தரம்பிரிக்கும் முறையினை விளக்குவதும், அம்முறை மலையக வரலாற்றின் தேவைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நோட்டன் பிரிட்ஜ் வட்டாரம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. அதன் பொருத்தம் பின்னர்த் தெளிவாகும்.

பிரித்தானிய நாணயப் பட்டியல்களைப் புரட்டுவோர் அவற்றின் சிறுமதிப்புப் பகுதியிலே மூன்று விசித்திரமான நாணயங்களைக் காண்பர். அரைப் பார்திங், காற் பார்திங், ஒன்றரைப் பென்ஸ் என்பன அவை. ஒரு பென்னிக்கு நான்கு பார்திங். எனவே காற் பார்திங் என்பது பென்னியின் பதினாறில் ஒரு கூறு, பவுணின் 3,840இல் ஒரு கூறு. பிரித்தானிய நாணய வரலாற்றிலே இதனினும் சிறிய மதிப்புடைய நாணயம் அடிக்கப்படவில்லை. இம்மூன்றும் இலண்டன் அரச அச்சுக்கூடத்தில் அடிக்கப்பட்டவை. ஆங்கிலச் சேகரிப்பாளர் இவற்றைத் தம் நாட்டு நாணயங்களாகவே பேணுகின்றனர். ஆனால் இவை அடிக்கப்பட்டது முதன்மையாக இலங்கைக்காக.

காரணம் எளியது. ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர் அவர்களுடைய கணக்கு முறையினையும் ஏற்றனர். தமிழில் இறைசால் என வழங்கிய ரிக்ஸ் டாலர் ஒன்றுக்கு 12 பணம். பணம் ஒன்றுக்கு 4 ஸ்டைவர். 1801 முதல் கொழும்பிலே யானை உருப் பொறித்த தடித்த செப்புக் காசுகள் இக்கணக்கின்படியே அடிக்கப்பட்டன. 1821ஆம் ஆண்டுத் திகதியுடன் நான்காம் ஜோர்ஜின் தலையும் யானையும் கொண்ட வெள்ளி இறைசால் இலண்டனிலிருந்து வந்தது. 1825இல் ஸ்டேர்லிங் முறை புகுத்தப்பட்டபோது இறைசாலின் மதிப்பு 1 சிலிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ் என வரையறுக்கப்பட்டது. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு பணம் ஒன்றரைப் பென்ஸ் ஆகும். இங்கிலாந்திலே எவருக்கும் வேண்டப்படாத ஒன்றரைப் பென்ஸ் வெள்ளி நாணயம் 1834 முதல் 1843 வரையிலும், பின்னர் 1860, 1862ஆம் ஆண்டுகளிலும் அடிக்கப்பட்டதன் பொருத்தம் இவ்வகுத்தற் கணக்கினால் விளங்கும். மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அது அனுப்பப்பட்டதுண்டு. அரைப் பார்திங் 1828, 1830, 1837ஆம் ஆண்டுகளிலும், விக்டோரியா காலத்தில் 1839 முதல் 1856 வரை இடைவிட்டும் வெளிவந்தது. காற் பார்திங் புழக்கத்துக்காக 1839, 1851, 1852, 1853 ஆகிய நான்கு ஆண்டுகளிலே மட்டும் அடிக்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 1.2 கிராம், விரல் நகத்தின் அளவு. இங்கிலாந்தின் ஏழைக்கும் இவ்வளவு சிறிய காசு தேவைப்படவில்லை. குடியேற்ற நாட்டுச் சந்தைக்குத் தேவைப்பட்டது. 1842இல் அரைப் பார்திங் பிரித்தானியாவிலும் சட்டபூர்வமாக்கப்பட்டதெனினும் அது பிறந்த காரணம் மாறிவிடவில்லை.

மலைநாட்டிலே கோப்பிப் பயிர் பரவியதும் இக்காலத்திலேயே. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக நடந்துவந்த தொழிலாளி ஒருவனின் நாட்கூலி ஆறு பென்ஸ் எனக் கொள்வோமாயின், அது 48 அரைப் பார்திங். ஆனால் நாட்கூலி நாள்தோறும் கொடுக்கப்படவில்லை. மாதக்கணக்கிற் கூலி நிலுவையில் நின்றது. கங்காணி கொடுத்த முன்பணமும் தோட்டம் கொடுத்த அரிசியும் கழிக்கப்பட்டன. எஞ்சியதைத் தொழிலாளி இந்திய ரூபாவாகப் பெறவே விரும்பினான். 1836 முதல் 2 சிலிங் மதிப்பிற் செல்லுபடியான அந்த ரூபா அவனுடைய ஊரிலும் செல்லும். இலங்கைக்கென அடித்த செப்புக்காசு சேதுவைத் தாண்டினால் வெறுஞ் செம்பு. வெள்ளி ஊருக்கு, செம்பு கடைக்கு என்னும் இப்பிரிவினை நினைவிற் கொள்ளல் வேண்டும். தரம்பிரித்தல் பற்றிப் பேசுகையில் இது மீண்டும் வரும்.

1869இல் கோப்பி இலைநோய் தோன்றியது. அதே ஆண்டின் இறுதியிலே பழைய செப்புக் காசுகள் பிரித்தானியாவிற் செல்லாக் காசாயின. இலங்கையில் ரூபா-சத முறை 1872இல் நடைமுறைக்கு வந்தது. 1870 எனத் திகதியிட்ட கால், அரை, ஒன்று, ஐந்து சதச் செப்புக் காசுகளில் மரமொன்றின் உருவும், அதன் இருபுறமும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பும் பொறிக்கப்பட்டன. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் கையிலே தமிழெழுத்துப் பொறித்த அரச உலோகம் வந்து சேர்ந்தது. அதனை அவர்கள் அளவைக் கொண்டும் எடையைக் கொண்டுமே அடையாளங் கண்டிருப்பர்.

இம்மாற்றத்திலே மறைந்துள்ள கணக்கொன்றினை நாணய நூல்கள் பெரிதும் கவனிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தோட்டங்களில் ஆணுக்கு 33 சதமும் பெண்ணுக்கு 25 சதமும் நாட்கூலியாக நிலவின. முப்பத்து மூன்று என்னும் இவ்வொழுங்கற்ற எண் எங்கிருந்து வந்தது? ரூபா ஒன்று 24 பென்ஸாக இருந்தபோது 8 பென்ஸ் என்பது ரூபாவின் மூன்றிலொன்று. 6 பென்ஸ் நான்கிலொன்று. சதமாக எழுதப்பட்டது பழைய பென்ஸ் கூலியே. பின்னர் வெள்ளியின் விலை வீழ்ந்தது. 1890களில் ரூபாவின் மதிப்பு 15 பென்ஸுக்குங் கீழே சென்றது; நூற்றாண்டின் இறுதியில் 16 பென்ஸாக நிலைநிறுத்தப்பட்டது. தேயிலை இலண்டனிலே ஸ்டேர்லிங்குக்கு விற்கப்பட்டது. கூலி ஹற்றனிலும் டிக்கோயாவிலும் ரூபாவிற் கொடுக்கப்பட்டது. 33 சதம் 33 சதமாகவே நிற்க, துரைமாரின் கணக்கில் எட்டுப் பென்ஸ் ஐந்து பென்ஸ் சொச்சமாகச் சுருங்கிற்று. கூலியைக் குறைத்தோம் என ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு எனக் கொடுக்கப்பட்ட தொகை மட்டும் சத முறை வந்த பின்னரும் தோட்ட ஆவணங்களில் ‘பென்ஸ் மணி’ என்றே வழங்கிவந்தமை பழைய நாணயத்தின் சொல்லெச்சமாகும்.

இனித் தரம்பிரித்தலுக்கு வருவோம்.

சேகரிப்பாளரின் தரம் என்பது நாணயம் எவ்வளவு குறைவாகத் தேய்ந்துள்ளது என்பதன் அளவே. அரிதா, பழையதா என்பன வேறு கேள்விகள். பிரித்தானிய மரபில் மேலிருந்து கீழாக ‘அன்சர்க்குலேட்டட்’, ‘எக்ஸ்ட்ரீம்லி பைன்’, ‘வெரி பைன்’, ‘பைன்’, ‘வெரி குட்’, ‘குட்’, ‘பெயர்’ எனப் படிகள் அமைந்துள்ளன. இச்சொற்களின் பொருளை அகராதியிலே தேடுவோர் ஏமாறுவர். ‘பைன்’ என்பது நயமானது என்றன்று. கணிசமாகத் தேய்ந்து முக்கிய உறுப்புகள் மட்டும் தெளிவாக நிற்பது. ‘குட்’ என்பதோ ஏறக்குறைய வழுக்கையான காசு. வணிகர் வகுத்த படிகளாதலின் மிகக் கீழ்ப்படியும் இழிசொற் பெறவில்லை. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புச் சென்ற்களுக்கென ஒன்று முதல் எழுபது வரையிலான எண்முறையை வகுத்தார். 1980களின் பிற்பகுதியிலிருந்து தனியார் நிறுவனங்கள் நாணயத்துக்கு இவ்வெண்ணை இட்டுப் பிளாஸ்திக் உறையில் அடைத்துத் தருகின்றன. மேற்படிகளிலே ஓர் எண் கூடினால் விலை பன்மடங்காகும். அரைப் பார்திங் ஒன்று எவர் கையிலும் படாது இலண்டன் அலமாரியொன்றிற் கிடந்திருப்பின் அதற்கு உயர்ந்த மதிப்பு. அது வந்துசேரவேண்டிய நாட்டிலே வந்து தன் தொழிலைச் செய்திருப்பின் மதிப்பில்லை.

முறையினை ஒருவர் கற்றே ஆகவேண்டும்; அதனை ஒதுக்குவது அறிவுடைமையாகாது. தேய்மானம் முதலில் உருவின் மேடான இடங்களையே தாக்கும். விக்டோரியாவின் இளந்தலை பொறித்த காசாயின் காதுக்கு மேலுள்ள மயிரிழைகள், தலைக்கட்டு, புருவம் ஆகியவற்றையும், மறுபுறம் முடியிலுள்ள முத்துக்களையும் நோக்குக. யானைக் காசாயின் தோளும் காதும். சத முறைச் செப்புக் காசாயின் மரத்தின் ஓலைப் பிரிவுகள். காசினை விளிம்பிலே பிடித்து, ஒற்றை விளக்கின் ஒளி சாய்வாக விழுமாறு மெல்லத் திருப்பினால், புழங்காத மேற்பரப்பிலே ஒளி ஆரமாகச் சுழலும். தேய்ந்த இடத்திலே மங்கிப் போகும். இங்கு ஓர் எச்சரிக்கை. அச்சு ஆழமாகப் பதியாமையும் தேய்மானமும் வேறுவேறு. கொழும்பிலே கையால் அடித்த தடித்த காசுகளில் யானையின் கால்கள் தொடக்கத்திலேயே பதியாதிருக்கக் கூடும். அவ்விடத்தின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அது அடிப்பின் குறை, வழவழப்பாக இருந்தால் கைகளின் தடம். போலியைக் காண எடையே முதற் கருவி. அரைப் பார்திங் ஏறத்தாழ 2.4 கிராம், ஒன்றரைப் பென்ஸ் வெள்ளி 0.7 கிராம். வார்ப்புப் போலியில் விளிம்பைச் சுற்றிய பொருத்துக் கோடும் ஊசித்துளைகளும் உருப்பெருக்கியிலே தெரியும். சந்தையிலே சுற்றுலாப் பயணிகளுக்கெனக் காத்திருக்கும் யானைக் காசுகளை இவ்விரு சோதனைகளுமின்றி நம்புதல் ஆகாது.

கழுவுதல் பற்றியும் கூறவேண்டும். புளியும் சாம்பலும் தேசிக்காயும் கொண்டு குத்துவிளக்கைத் துலக்குவதுபோலக் காசினையும் துலக்கும் வழக்கம் நம் வீடுகளிலுண்டு. துலக்கிய செம்பு இளஞ்சிவப்பாகப் பளிச்சிடும். சேகரிப்பாளர் அதனைக் கையில் வாங்கியவுடனேயே வைத்துவிடுவர். செம்பின் மேற் படிந்த கபிலநிறப் படிவம் உலோகத்தைக் காப்பது. அதனை அகற்றுவது தோலை உரிப்பதற்கு நிகர். ஆயினும் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. கெட்டியான கரும்பச்சை தீங்கற்றது. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் உலோகத்தைத் தின்னும் நோய். தென்மேற்குப் பருவமழையின் முழு வேகத்தையும் தாங்கும் நோட்டன் பிரிட்ஜ், கினிகத்தேனைச் சரிவுகளில், அடுப்புப் புகை சூழ்ந்த லயத்து அறையிலே, ஈரத் துணியில் முடிந்து கிடந்த காசுக்கு இந்நோய் வர அதிக காலம் வேண்டியதில்லை. அத்தகைய காசினை உலர்த்தி, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு, அமிலமற்ற காகித உறையில், மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்தல் போதும். மென்மையான பீ.வீ.சீ. உறைகள் தாமே செம்பைப் பச்சையாக்குவன.

இவ்வளவும் கற்றபின் எழும் கேள்வி இது: தேய்மானத்தைக் குறையாகக் கருதும் அளவுகோல் வரலாற்று மாணவனுக்கு எவ்வளவு உதவும்? ஒரு முடிச்சிலே 1840ஆம் ஆண்டின் இந்திய ரூபா சிலவும் 1870ஆம் ஆண்டின் ஒரு சதங்கள் சிலவும் கிடைப்பதாகக் கொள்வோம். முப்பது ஆண்டு மூத்த ரூபாவிலே விக்டோரியாவின் மயிரிழை கூர்மையாக நிற்க, இளைய சதம் வழுக்கையாகி இருப்பின் அதன் பொருள் யாது? வெள்ளி சேர்த்து வைக்கப்பட்டது. செம்பு ஓயாது கைமாறியது. ரூபாவின் மேல் வட்டிக்கடைக்காரர் சோதித்த சிறு குத்துக்குறிகள் காணப்பட்டால், அது முடிச்சில் ஏறுமுன் யார் கைவழி வந்தது என்பதும் ஊகிக்கப்படலாம். இச்செய்தியனைத்தும் ஒப்புநோக்கிலே உள்ளது. வணிகர் செய்வதோ முடிச்சை அவிழ்ப்பது. மேற்படியிலுள்ள ரூபா இரண்டு உறையேறிக் கொழும்புக்குச் செல்லும். தேய்ந்த சதங்கள் செப்பு விலைக்கு நிறுக்கப்படும். தரம்பிரித்தல் முடிந்தபோது சான்று அழிந்துவிடுகின்றது.

துளையிட்ட காசின் நிலையும் இதுவே. குழந்தையின் அரைஞாணிலே கோப்பதற்காகத் துளைத்தது, காசுமாலைக்கு வளையம் பொருத்தியது, மாரியம்மனுக்கு நேர்ந்து மஞ்சட் துணியில் முடிந்தது, இறந்தோரின் நெற்றியில் வைத்து எடுத்தது எனப் பல வழிகளிலே காசுகள் புழக்கத்தை விட்டு நீங்கின. சேகரிப்பாளரின் பட்டியலில் ‘துளையுடையது’ என்னும் ஒரு சொல் அதன் மதிப்பைத் துடைத்துவிடும். ஆனால் எந்த ஆண்டுக் காசு துளைக்கப்பட்டது, துளை தலையின் மேற்புறமா கீழ்ப்புறமா, நூலின் உராய்வினால் துளை எவ்வளவு நீண்டுள்ளது என்பன அணிந்த காலத்தையும் அணிந்த முறையையும் காட்டுவன. இவ்விடத்திலே ஒன்று குறிப்பிடலாம்: நம் திருமண வீடுகளிற் பொன்னை அளக்கும் ‘பவுண்’ என்பதே 7.988 கிராம் எடையுள்ள பிரித்தானிய சொவரின் நாணயத்தின் பெயர்தான். அந்நாணயத்தைக் கண்ணாற் கண்டிராதோரும் அதன் எடையைச் சுமக்கின்றனர்.

நாணயமல்லாத, ஆயின் நாணயத்தோடு வைத்து நோக்கற்பாலனவான உலோகத் துண்டுகளும் உள. கொழும்புப் புதுக்கடையிலும் வேகந்தையிலும் இருந்த கோப்பி ஆலைகள், கொட்டை பொறுக்கிய தொழிலாளருக்கு வேலையின் அளவைக் குறிக்கும் வில்லைகளை வழங்கின. எச்.டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலுக்குப் பின் அவை சேகரிப்பாளரிடையே விலைபெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்தில் ஆள்சேர்க்கும்போது, தோட்டத்தின் பதிவெழுத்தும் எண்ணும் குத்திய தகரவில்லை ஒன்று ஒவ்வொருவர் கழுத்திலும் கட்டப்பட்டது. அவ்வில்லை பயணச் செலவுக்கான உறுதிச்சீட்டு. செலவோ பின்னர்க் கடனாக எழுதப்பட்டது. ஒருவகையில் அது மனிதனின் மேற் குத்திய மதிப்பு. கங்காணியையும் அவனது கூட்டத்தையும் கடன் தீர்த்தால் விடுவிப்பதாகத் துரை எழுதிக்கொடுத்த ‘துண்டு’ என்னும் சீட்டு 1921ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. தமிழ்ச் சொல்லொன்று ஆங்கிலச் சட்டத்தில் இடம்பெற்றது தடைசெய்யப்படுவதற்காக. தகரவில்லையில் வெள்ளியுமில்லை, செம்புமில்லை; எனவே அது பேணப்படவுமில்லை.

நோட்டன் பிரிட்ஜை எடுத்துக்காட்டாகக் கொண்ட காரணத்தை இப்போது கூறலாம். டிக்கோயா, மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளிற் பெருந்தோட்டம் பெருகியது 1860களிலும் 1870களிலும். புகையிரதம் ஹற்றனை அடைந்தது 1884இல். ஆகவே இவ்வட்டாரத்திலே இயல்பாகக் கிடைக்கவேண்டியவை 1870க்குப் பிந்திய சதங்கள், 1892 முதல் வந்த வெள்ளிச் சதங்கள், 1909 முதல் வந்த சதுர ஐந்து சதம் ஆகியனவே. இங்கொரு வீட்டில் அரைப் பார்திங் கிடைக்குமாயின், அது மாத்தளை, கண்டி போன்ற பழைய கோப்பிப் பகுதிகளிலிருந்து ஒரு குடும்பத்தின் முடிச்சிலே வந்திருத்தல் சாலும். ‘வெரி குட்’ என ஒதுக்கப்படும் அக்காசு ஓர் இடப்பெயர்வின் தடயமாகலாம். கிடைத்த இடம் குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே ஆகலாம்.

இவ்வட்டாரத்திலே இடம் என்பதே நிலையற்றது. நோட்டன் அணைக்கட்டிலிருந்து நீர்பெற்ற பழைய லக்சபானா மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. பின்னது பழைய மஸ்கெலியா நகரையே மூழ்கடித்தது. நீர் வற்றும் காலங்களிற் பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளித்தெரிவதுண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் உடன்படிக்கை செய்யப்பட்டது. தலைமன்னார்க் கப்பல் நின்றுபோன 1984 வரை குடும்பங்கள் பெட்டிகளோடு சென்றன. அப்பெட்டிகளிலே சென்றவற்றைப் பற்றியும், புறப்படுமுன் விற்கப்பட்டவற்றைப் பற்றியும் பட்டியல் ஏதுமில்லை. பிறப்புப் பத்திரமும் காணியுறுதியும் இன்மையால் உரிமை இழந்த மக்களிடம் எஞ்சிய ஆவணங்களுள் இக்காசுகளும் அடங்கும்.

சட்டத்தின் துணையும் குறைவே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வகுத்த எல்லை 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்த நாள். பெருந்தோட்ட மக்களின் வரலாறு முழுவதும் அவ்வெல்லைக்கு இப்பாலே நின்றது. 1988ஆம் ஆண்டின் பண்பாட்டு ஆதனச் சட்டம் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த முயன்றது. லயத்திலிருந்து நகரத்து உலோகக் கடைக்குச் செல்வதை ஏற்றுமதி என எவரும் சொல்லார்.

ஆகவே சேகரிப்போர் தாமே ஒரு பதிவு முறையை மேற்கொள்ளவேண்டும். வழக்கமான தரத்தையும் எழுதுக, அதனால் நட்டமில்லை. அதனோடு, எடை கிராமின் நூறிலொரு கூறு வரை, இருபுறப் படங்கள் கழுவுமுன் எடுக்கப்பட்டவை, தோட்டமும் பிரிவும், எதிற் சுற்றியிருந்தது, உடன் இருந்தவை யாவை, குடும்பத்தார் அக்காசுக்கு வழங்கிய பெயர், அது ஏன் செலவழிக்கப்படாது வைக்கப்பட்டது என அவர்கள் சொன்ன காரணம், சொன்ன சொற்களிலேயே. முடிச்சினைப் பிரிக்காது, தேய்ந்தவற்றையும் சேர்த்து, ஒரே எண்ணின் கீழ்ப் பதிக. வாங்குவதினும் படமெடுத்துத் திருப்பிக் கொடுப்பது பெரும்பாலும் மேலானது. குடும்பத்தின் விருப்பமின்றிப் பெயரை வெளியிடுதல் தகாது.

தேய்மானத்தின் அளவைக் குறிக்கையில் ஒரு சொல்லைத் தோட்டத்திலிருந்தே கடன்வாங்கலாம். நிர்ணயித்த அளவு கொழுந்து குறைந்தால் செக்ரோலில் ‘அரைப் பெயர்’ விழும். முழுநாள் நின்றவளுக்கு அரைநாட் கூலி. அரைப் பார்திங் ஒன்றிலே ஆண்டெண் தெரிந்து தலை மறைந்திருந்தால், அல்லது தலை தெரிந்து ஆண்டெண் மறைந்திருந்தால், அதனை அரைப் பெயர் எனக் குறிக்கலாம். இரண்டும் மறைந்து எடையினால் மட்டும் அறியப்படும் காசினையும் பதிவேட்டில் ஏற்றி, அதன் எடையிழப்பை எழுதுக: அடித்தபோது 2.4 கிராம், இப்போது எவ்வளவு என்று.